ஓட்டத்துக்கு வாட்ச் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் ஆண்டிறுதி மாரத்தானுக்குப் பதிவு தொடங்கினால் போதும், எங்கள் ஓட்டக் குழுவுக்குப் புதியவர்கள் வந்துவிடுவார்கள். காலணிக்கு அடுத்து அவர்கள் பேச்செல்லாம் வாட்ச் பற்றித்தான். கேட்டுவிட்டு வாங்குபவர்கள் குறைவு, வாங்கிவிட்டுக் கையை நீட்டி "எப்படி இருக்கு அண்ணே?" என்பவர்களே அதிகம். நானும் என் காலத்து ஓட்டக்காரர்களும் எப்போதோ செய்து முடித்த தவறுகளை இவர்கள் இன்னும் கூடுதல் விலை கொடுத்துச் செய்கிறார்கள். சார்ஜ் போட மறப்பது, நிறம் பார்த்து வாங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். பணத்தையும் பயிற்சியையும் சேர்த்து வீணாக்குபவை மட்டும் இங்கே.

விலை கூடினால் இதயத் துடிப்பும் சரியாகக் காட்டும் என்று நம்புவது

வாட்ச்சின் அடியில் பச்சை விளக்கு மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைகிறது. திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்ப மாறுகிறது. அந்த மாற்றத்தை எண்ணித்தான் வாட்ச் துடிப்பைக் கணக்கிடுகிறது. நெஞ்சில் கட்டும் பட்டை வேறு வகை. இதயத்திலிருந்து வரும் மின்சமிக்ஞையை அது நேரடியாகப் பிடிக்கிறது, இசிஜி எடுக்கும் அதே வழி. நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும்.

ஓடத் தொடங்கியதும்தான் வம்பு. கை வீச வீச வாட்ச் தோலின்மேல் அசைகிறது. மணிக்கட்டுக்குள் ரத்தமும் காலடியின் தாளத்துக்குக் குலுங்குகிறது. நிமிடத்துக்கு 165, 170 அடி வைத்து ஓடுகிறவரின் வாட்ச், துடிப்பைக் கோட்டைவிட்டு அந்த அடிகளை எண்ணத் தொடங்கிவிடும். 250 என்று காட்டினால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். 170 என்பது ஓடுகிறவருக்கு வரக்கூடிய எண்தான் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

எங்கள் குழுவில் 45 வயதுத் தம்பி ஒருவர் ஆயிரத்து இருநூறு வெள்ளிக்கு ஒரு வாட்ச் வாங்கினார். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் என் பக்கத்தில் ஓடிக்கொண்டே மாமியார் கதையை மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் வாட்ச்சைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றுவிட்டார். 171. "171ல ஓடுறவரால மாமியாரைப் பத்தி இவ்வளவு நீளமாப் பேச முடியாது தம்பி, அது உங்க காலடியை எண்ணுது" என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இன்றுவரை எரிச்சலூட்டுகிறது: "இவ்வளவு காசு கொடுத்து வாங்கினது தப்பாக் காட்டுமா அண்ணே?"

காட்டும். அந்தக் கூடுதல் காசு எங்கே போகிறது என்று பாருங்கள்: டைட்டானியச் சட்டம், சஃபயர் கண்ணாடி, வரைபடம், நீண்ட பேட்டரி, கோல்ஃப் மைதானங்களின் பட்டியல். அடியில் இருக்கும் பச்சை விளக்கு, பல நேரம் அதே நிறுவனத்தின் பாதி விலை மாடலில் இருக்கும் அதே தலைமுறைச் சென்சார்தான். கை வீச்சும் உங்கள் கைதான்.

அந்தத் தம்பி நம்பவில்லை. துடிப்பை இறக்குவதற்காக மெதுவாக ஓடி, இன்னும் மெதுவாக ஓடி, கடைசியில் பாதித் தூரம் நடந்தார். பிறகு பயந்துபோய் மருத்துவரிடம் இசிஜி எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதற்குள் அந்த ஆண்டின் பயிற்சிக் காலம் போய்விட்டது. கடைசியில் என் பழைய நெஞ்சுப் பட்டையைக் கட்டி ஓடவிட்டேன். அதே பாதை, அதே வேகம், 138.

ஸ்டேடியத்தில் 400 மீட்டர் இண்டர்வெல் (வேகமாக ஒரு சுற்று, பிறகு சற்று ஓய்வு) ஓடுகிறவர்களுக்கு வேறொரு தொல்லை. துடிப்பு சட்டென்று ஏறும்போது மணிக்கட்டுச் சென்சார் பின்தங்கிவிடும். அது ஏறி வருவதற்குள் நீங்கள் சுற்றை முடித்து இடுப்பில் கைவைத்து நின்றிருப்பீர்கள். பிறகு வீட்டில் துடிப்பு வரைபடத்தைப் பார்த்து, "நான் இன்னும் வேகமாக ஓடியிருக்கலாம் போலிருக்கே" என்று அடுத்த வாரம் உடம்பைப் போட்டு அடிப்பார்கள்.

உங்கள் வாட்ச் இப்படிச் செய்கிறதா என்று தெரிந்துகொள்வது எளிது. செயலியில் இதயத் துடிப்பு வரைபடத்தையும் கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை அடி) வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு போனால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது கால்களைத்தான்.

அதனால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதில் நெஞ்சுப் பட்டை மாதிரி வெளிச் சென்சார் இணைக்க முடியுமா?" என்பதே. ஓட்டத்துக்கென்றே வரும் வாட்ச்களில் பெரும்பாலும் முடியும். மலிவான உடற்பயிற்சிப் பட்டைகள் பலவற்றில் முடியாது. நெஞ்சுப் பட்டை வாட்ச்சோடு இணைவது புளூடூத்திலா, ஆன்ட் பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா முறையிலா என்பதையும் பாருங்கள். ஆப்பிள் வாட்ச்சுக்கு புளூடூத் மட்டும்தான். நடுத்தர விலை வாட்ச் ஒன்றும் நெஞ்சுப் பட்டை ஒன்றும் சேர்த்து வாங்கினாலும் உச்ச மாடலின் விலை வராது. நெஞ்சுப் பட்டை அறுக்கிறது என்கிற பெண்கள் மேற்கையில் கட்டும் பட்டையை வாங்கலாம். அதுவும் ஒளிச் சென்சார்தான், ஆனால் மணிக்கட்டைவிட அங்கே அசைவு குறைவு. நெஞ்சுப் பட்டையின் மின்முனைகளை நனைத்துக் கட்ட வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். நம் ஊரில் முதல் பத்து நிமிடத்தில் வேர்வையே அந்த வேலையைப் பார்த்துவிடும். ஓடி முடித்ததும் பட்டையை அலசிவிடுங்கள், உப்பு சேர்ந்தால் ஆயுள் குறையும்.

220இலிருந்து வயதைக் கழித்துவிட்டு அதோடு விட்டுவிடுவது

சென்சார் சரியாக அளந்தாலும், அதை வைத்து வாட்ச் போடும் கணக்கு உச்சத் துடிப்பு என்ற ஒரு எண்ணில்தான் நிற்கிறது. வயதை மட்டும் கொடுத்தால், பெரும்பாலான வாட்ச்கள் அதை 220இலிருந்து கழித்து உங்கள் உச்சத் துடிப்பு என்று வைத்துக்கொள்ளும். 1971இல் வெளியான ஒரு கட்டுரையில், அப்போது கையில் இருந்த தரவுகளைப் பார்த்துத் தோராயமாகச் சொல்லப்பட்ட வாய்ப்பாடு அது. 2001இல் தனாகா என்ற ஆய்வாளரின் குழுவினர் 208 கழித்தல் வயதின் 0.7 மடங்கு என்று திருத்தினார்கள். 45 வயதுக்கு முதல் கணக்கில் 175, இரண்டாவதில் 176 சொச்சம். ஆக வாய்ப்பாட்டை மாற்றுவதால் பெரிதாக ஒன்றும் மாறாது. ஒரே வயதுக்காரர்களிடையே 10, 12 துடிப்பு வேறுபாடு இருப்பது சாதாரணம் என்பதுதான் உண்மையான சிக்கல்.

175 என்று வைத்தால் 60 முதல் 70 விழுக்காடு வரையிலான இரண்டாம் ஸோன், அதாவது நிதானமாக ஓட வேண்டிய துடிப்பு வரம்பு, 105இலிருந்து 122 வரை. ஒருவரின் உண்மையான உச்சம் 190 என்றால் அது 114இலிருந்து 133 வரை போகும். 130இல் நிம்மதியாக ஓடக்கூடியவரை வாட்ச் "வேகத்தைக் குறை" என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே வரும்.

நெஞ்சுப் பட்டை கட்டி, ஒரு ஐந்து கிலோமீட்டர் பந்தயத்தின் கடைசி 400 மீட்டரை முழு வேகத்தில் ஓடிப் பாருங்கள். தேசிய சேவையாளர்களின் உடற்தகுதிச் சோதனையான ஐபிபிடியின் 2.4 கிலோமீட்டர் ஓட்டமும் இதற்கு உதவும். அங்கே கிடைக்கும் மிக உயர்ந்த எண்ணைக் கையால் உள்ளிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வெயிலை மறந்துவிட்டு எண்ணைப் படிப்பது

குளிர்நாட்டில் எழுதிய பயிற்சித் திட்டத்தை இங்கே அப்படியே பின்பற்றுகிறவர்கள் தடுமாறும் இடம் இது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது. வேர்வையில் ரத்தத்தின் நீரளவு குறைகிறது. ஒவ்வொரு துடிப்பும் அனுப்பும் ரத்தம் குறைவதால் இதயம் இன்னும் அடிக்கடி அடிக்கிறது. விடிகாலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊரில், வேகம் மாறாமலேயே ஒரு மணி நேரத்தில் துடிப்பு மெல்ல ஏறிவிடும். அது உங்கள் திறன் குறைந்ததற்கு அடையாளம் அல்ல. கார்மின் வாட்ச்கள் சில, 22 டிகிரிக்கு மேல் போனால் வெப்பத்துக்குப் பழகும் கணக்கைச் சேர்த்துக்கொள்கின்றன. நமக்கு அது வருடம் முழுவதும்.

வெப்பத்தால் ஒரு நல்லதும் உண்டு. குளிரில் விரல்கள் விறைத்து மணிக்கட்டில் ரத்தம் குறைந்தால் பச்சை விளக்குக்குப் படிக்கக் கஷ்டம். அந்தத் தொல்லை இங்கே இல்லை.

வளையல்போலத் தளர்வாகக் கட்டுவது

மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் மேலே, நகராமல். ஓடி முடித்ததும் தளர்த்திக் கழுவுங்கள், இல்லாவிட்டால் சொறி வரும். கறுத்த தோலில் பச்சை விளக்கு வேலை செய்யாது என்ற பேச்சு நம்மவர்களிடம் அடிக்கடி வருகிறது. மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் ஆய்வு முடிவுகள் ஒரே பக்கம் சாயவில்லை. நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேருக்குத் தளர்வான பட்டைதான் காரணம். மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால் மட்டும் அது ஒளியை மறைக்கக்கூடும்.

எல்லோருக்கும் இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் வேண்டும் என்று நினைப்பது

நீங்கள் எங்கே ஓடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ராஃபிள்ஸ் பிளேஸ், ஷென்டன் வே பக்கம் கோபுரங்களில் பட்டுத் தெறிக்கும் சமிக்ஞையால் வாட்ச் உங்களைச் சாலையின் அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கும். அங்கே எல்1, எல்5 என்ற ஜிபிஎஸ் அலைவரிசைகள் இரண்டையும் பிடிக்கும் வாட்ச் உதவும். கார்மின் ஃபோர்ரன்னர் 265, கோரோஸ் பேஸ் 3 இரண்டிலும் உண்டு, ஃபோர்ரன்னர் 165இல் இல்லை. ஈஸ்ட் கோஸ்ட் பார்க், பிடோக் நீர்த்தேக்கம் என்று திறந்த வானத்தின்கீழ் ஓடுகிறவர்களுக்கு 165 தாராளம். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், கூரைக்கடியில் நின்று ஜிபிஎஸ்ஸுக்காகக் காத்திருக்காதீர்கள். வெளியே வந்து நில்லுங்கள். போனோடு வாட்ச்சை அவ்வப்போது இணைத்து வைத்தால் செயற்கைக்கோள்களை விரைவில் பிடிக்கும்.

மாரத்தானில் வாட்ச் 42.6 காட்டினால் பாதை நீளம் என்று சண்டைக்குப் போகாதீர்கள். பாதையை ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். அந்தக் கோட்டில் யாரும் ஓடுவதில்லை.

வரைபடத்துக்காகக் கூடுதல் காசு

இந்தத் தீவில் தொலைந்துபோகத் தனித் திறமை வேண்டும்.

உயரமானி

இங்கே மிக உயரமான புக்கித் தீமா குன்றே 163 மீட்டர்தான். சரி, அடுத்தது.

தொடுதிரையை ஏசி அறையில் சோதிப்பது

கடையில் வழுக்கிக்கொண்டு போகும் திரை, வேர்வை விரலுக்கு மசியாது. ஒவ்வொரு சுற்றையும் குறிக்கும் லாப் பொத்தான் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். விரலை நனைத்துத் தொட்டுப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். முறைப்பார்கள், பரவாயில்லை.

எக்ஸ்போர்ட் செட்டை லோக்கல் செட் என்று நினைத்து வாங்குவது

ஐம்பது, எண்பது வெள்ளி குறைவு என்றால் முதலில் கேட்க வேண்டியது உத்தரவாதம் யாருடையது என்று. எக்ஸ்போர்ட் செட், அதாவது வேறு நாட்டுச் சந்தைக்கென்று வந்த பொருளுக்கு, பெரும்பாலும் கடையின் உத்தரவாதம்தான். நிறுவனத்தின் இங்குள்ள சேவை மையம் கைவிரித்துவிடலாம். துபாயிலிருந்து மச்சான் வாங்கி வருவதற்கும் இதே கதி நேரலாம். 2012 செப்டம்பரிலிருந்து இங்கே, குறையுள்ள பொருள் வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இது உண்டு. கேரௌசல் என்ற இணையச் சந்தையில் தனியாள் ஒருவரிடம் வாங்கினால் இல்லை. அப்படி வாங்குவதென்றால் எம்ஆர்டி நிலையத்தில் பார்த்ததும் காசைக் கொடுத்துவிடாமல், அரை மணி நேரம் ஜிபிஎஸ் ஓடவிட்டு பேட்டரி எத்தனை விழுக்காடு இறங்குகிறது என்று பாருங்கள். 19 மணி நேரம் தாங்கும் என்று விற்கப்பட்ட வாட்ச் அரை மணியில் பத்து விழுக்காடு இறங்கினால், விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.