நீர்த்தேக்கத்தில் கடற்காகம் பார்ப்பது எப்படி?

கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள நீர்த்தேக்கத்திலும் கடற்காகங்கள் (ஆங்கிலத்தில் gull) கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். பகலில் வயலிலும் குப்பைமேட்டிலும் இரை தேடித் திரியும் அவற்றுக்கு, தரையில் வாழும் வேட்டை விலங்குகள் எட்ட முடியாத நடுநீர்தான் இரவு தங்கப் பாதுகாப்பான இடம். ஆகவே மாலையில்தான் நமக்கு வேலை.

படி 1: நேரமும் வெளிச்சமும்

குளிர்காலத்தில், சூரியன் மறைய 2 மணி நேரம் இருக்கும்போதே கரைக்குப் போய்விடுங்கள். வெயில் உங்கள் முதுகில் விழும் கரையாகப் பாருங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

படி 2: கருவி

8×42 பைனாகுலர் போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 12 மடங்கு வாங்கினால் கைநடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும்.

படி 3: மற்ற பறவைகளைப் பிரித்துவிடுங்கள்

உடல் நீரில் பாதி அமிழ்ந்து, கழுத்து மட்டும் நிமிர்ந்து நீந்துவது நீர்க்காகம்; கரையேறியதும் சிறகை விரித்துக் காயவைக்கும். கறுப்பு உடல், வெள்ளை நெற்றி என்றால் நாமக்கோழி. சட்டென்று மூழ்கி வேறோரிடத்தில் தலைகாட்டும் குட்டிப் பறவை முக்குளிப்பான். அலகைக் கீழ்நோக்கி வைத்தபடி பறந்து, மீனுக்காகத் தலைகீழாகப் பாய்வது ஆலா. இதைத்தான் புதியவர்கள் கடற்காகம் என்று எண்ணிவிடுகிறார்கள். கடற்காகத்துக்கு உடல் கனம், நிதானமாக மிதக்கும்.

படி 4: ஒரே ஓர் இனத்தை முழுதாகப் பழகுங்கள்

இதில் அவசரமே கூடாது. உங்கள் நீர்நிலைக்கு மிகுதியாக வரும் இனம் எதுவோ, அதையே ஒரு பருவம் முழுக்கப் பாருங்கள். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவலாக உள்ள கருந்தலைக் கடற்காகத்தை எடுத்துக்கொள்வோம். பெயர்தான் கருந்தலை, இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலை அடர்பழுப்பு. குளிர்காலத்தில் அதுவும் மறைந்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும் மிஞ்சும். சிவந்த அலகு, சிவந்த கால். பறக்கும்போது சிறகின் முன்விளிம்பில் வெள்ளைப் பட்டை பளிச்சிடும். அதே கூட்டத்தில் சிறகில் பழுப்புத் திட்டும் வால்நுனியில் கறுப்புப் பட்டையும் கொண்ட ஒன்று இருந்தால், அதை வேறு இனம் என்று குறித்துவிடாதீர்கள். அது அந்த ஆண்டு பிறந்த குஞ்சு!

சிறிய கடற்காகங்கள் முதிர்ந்த இறகுக்கு வரச் சுமார் 2 ஆண்டு ஆகும். பெரிய இனங்களுக்கு 4 ஆண்டு வரை. இடைப்பட்ட ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு கோலம். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் உடலளவு, அலகின் பருமன், கால் நிறம், சிறகுநுனி என்ற வரிசையில் பாருங்கள். பெயர் கடைசியில் வரட்டும். தெரியாத பறவையை ‘தெரியவில்லை’ என்று எழுதுவதே நேர்மையான குறிப்பு.

படி 5: எண்ணுங்கள், எழுதுங்கள்

பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டு, அதே அளவாகக் கூட்டம் முழுவதையும் அளந்து செல்லுங்கள். தேதி, நேரம், நீர்மட்டம் மூன்றையும் குறியுங்கள். நீர் வற்றிச் சேறு தெரிந்தால், சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்கள் வரும்.

கிட்டே போகும் ஆசையை அடக்குங்கள். மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் ஒருசேரத் தலைநிமிர்ந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். இன்னும் ஓரடி வைத்தால் பறந்துவிடும். கூட்டம் முழுவதும் திடீரென எழுந்தால், நீரைப் பார்க்காமல் வானத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே ஒரு வல்லூறோ கழுகோ சுற்றிக்கொண்டிருக்கும்.

இருட்டத் தொடங்கியதும் பையைக் கட்டிவிடாதீர்கள். வரிசை வரிசையாகக் கடைசிக் கூட்டங்கள் வந்து இறங்குவது அப்போதுதான்.