சீனாவைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

சீனாவைப் பற்றிப் படிக்க ஆசைப்படும் பலர் முதலில் கேட்பது, "எல்லாம் அடங்கிய ஒரே புத்தகம் இருக்கிறதா?" என்பதைத்தான். இலக்கியம், நாடகம், வரலாறு, சமூகம் எல்லாம் முந்நூறு பக்கத்துக்குள் முடிந்துவிட வேண்டும் அவர்களுக்கு. அப்படிப்பட்ட புத்தகங்கள் உண்டு, சில நன்றாகவே எழுதப்பட்டவை. ஆனால் அறிமுக நூல் எதுவானாலும் அது ஏராளமானவற்றை வெட்டி எறிந்த பிறகுதான் நம் கைக்கு வருகிறது. எதை வெட்டியது என்று பார்க்காமல் படிப்பதிலிருந்துதான் மற்ற குழப்பங்கள் தொடங்குகின்றன.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிடிஎஃப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஹெர்பர்ட் கைல்ஸ் எழுதிய சீன இலக்கிய வரலாறு 1901இல் வந்தது. காப்புரிமை முடிந்துவிட்டதால் எங்கு தேடினாலும் அதுதான் முதலில் அகப்படும். ஆனால் விலங்கு எலும்புகளில் பொறித்த பழஞ்சீன எழுத்துகளுக்கான அகழாய்வு அன்யாங் என்ற ஊரில் தொடங்கியதே 1928இல். தாவோ மரபின் மூல ஞானி லாவோட்சுவின் நூல் பட்டுத் துணியில் எழுதப்பட்ட வடிவத்தில் மாவாங்துவேய் கல்லறையில் கிடைத்தது 1973இல். நாம் அறிந்த நூலின் இரண்டு பாகங்களும் அதில் இடம் மாறியிருந்தன. இதெல்லாம் பழைய அறிமுக நூல்களில் இருக்க வழியே இல்லை. பெயர்களை எழுதும் முறையும் வேறு. அங்கே 'லி போ', 'து ஃபூ' என்று இருப்பவர்கள் புதிய நூல்களில் 'லி பாய்', 'தூ ஃபூ'. நான்கு கவிஞர்களைப் படித்துவிட்டதாக நினைப்பவர் படித்தது இரண்டு பேரை. ஆகவே அட்டையைப் பார்க்கும் முன் பதிப்பாண்டைப் பாருங்கள்.

நாவல் வழியாக நுழைகிறவர்கள் பெரும்பாலும் 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற குரங்கு அரசனின் கதையைத்தான் எடுக்கிறார்கள். ஆர்தர் வேலியின் 1942 மொழிபெயர்ப்பு இன்றும் சுவை குறையாமல் இருக்கிறது. மூலத்தில் 100 அத்தியாயங்கள், வேலியிடம் 30. மூலத்தில் உரைநடைக்கு நடுவே நூற்றுக்கணக்கான பாடல்கள் வரும், அவற்றில் பெரும்பாலானவை அவரிடம் இல்லை. முழுதாக வேண்டுமென்றால் ஆந்தனி யூ மொழிபெயர்த்த நான்கு தொகுதிகள் இருக்கின்றன. இன்னொரு சுவாரசியம்: அந்தக் கதையில் குரங்கோடு பயணம் செய்யும் துறவி வேறு யாருமல்ல, காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதியதாக நம் பள்ளிப் பாடத்தில் வரும் யுவான் சுவாங்தான். நிஜ யுவான் சுவாங் அரசின் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி, 645இல் 657 பௌத்த நூல்களோடு ஊர் திரும்பிய நெஞ்சழுத்தக்காரர். நாவலில் வருபவரோ தொட்டதற்கெல்லாம் அழுகிறார். இரண்டையும் ஒரே ஆளாக எண்ணிப் படித்தால் நாவலின் கேலி பிடிபடாது, வரலாறும் தப்பிப்போகும்.

'மூன்று அரசுகள்' நாவலில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. தொலைக்காட்சித் தொடரும் வீடியோ கேமும் வேறு சேர்ந்துகொள்கின்றன. சென் ஷோ என்ற வரலாற்றாசிரியர் 3ஆம் நூற்றாண்டில் எழுதிய வரலாறு, கதைநாயகன் லியூ பேயும் இரு தோழர்களும் ஒரே படுக்கையில் உறங்கினார்கள், அண்ணன் தம்பிபோல் பழகினார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. மூவரும் சகோதரர்களாவதாக உறுதியெடுக்கும் பீச் தோட்டத்துச் சபதம் பிற்காலக் கதைசொல்லிகள் கட்டியது. லியூ பேயின் எதிரியான சாவ் சாவை வில்லனாகவே தெரிந்துவைத்திருப்பவர்கள், அவர் அந்தக் காலத்தின் சிறந்த கவிஞர்களில் ஒருவர் என்றதும் நம்ப மறுக்கிறார்கள்.

'சிவப்பு மாளிகைக் கனவு' நாவல் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. 1791இல் அச்சேறிய 120 அத்தியாயங்களில் முதல் 80 மட்டுமே சாவ் சுவேசின் எழுதியவை என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கதைச்சுருக்கம் தரும் நூல்கள் கடைசி 40இல் வரும் முடிவையும் அவர் தலையில் கட்டிவிடுகின்றன.

வரலாற்றுக்கு வருவோம். ஹான் வம்ச கால வரலாற்றாசிரியர் ஸிமா சியெனின் பெருநூலுக்கு 130 அத்தியாயங்கள். அறிமுகத் தொகுப்புகள் அதிலிருந்து வீரதீரமான பத்துப் பன்னிரண்டு வாழ்க்கை வரலாறுகளைப் பொறுக்கித் தருகின்றன. இதில் என்ன நஷ்டம் என்றால், ஸிமா சியென் ஒரு மனிதரைப் பற்றிய உண்மையை ஒரே இடத்தில் வைப்பதில்லை. ஹான் வம்சத்தைத் தொடங்கிய லியூ பாங் போரில் தோற்று ஓடும்போது, தேர் வேகமாகப் போகட்டும் என்று தன் மகனையும் மகளையும் கீழே தள்ளிவிடுகிறார். தேரோட்டி இறங்கித் தூக்கி வைக்கிறார். மறுபடி தள்ளுகிறார். மூன்று முறை இப்படி நடக்கிறது. இந்தக் காட்சி லியூ பாங்கின் அத்தியாயத்தில் இல்லை, அவருடைய எதிரி சியாங் யூவின் அத்தியாயத்தில் இருக்கிறது. அந்த அரசவம்சத்தின் கீழேயே வாழ்ந்து, பேரரசர் ஒருவரால் காயடிக்கப்பட்டவர் வேறு எங்கே எழுதுவார்? லியூ பாங்கின் அத்தியாயம் மட்டும் உள்ள தொகுப்பைப் படிப்பவருக்கு அவர் பெருந்தன்மையான மன்னர். தொகுப்பு வாங்கினால் இரண்டும் இருக்கின்றனவா என்று பொருளடக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

அபினிப் போரிலிருந்து (1839–42) தொடங்கும் நூல்கள் வேறு வகை. அவற்றில் சீனா எப்போதும் மேற்குக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், தானாக எதுவும் செய்யாது. 1984இல் பால் கோஹன் இந்தப் பார்வையை ஒரு நூல் முழுக்கக் கேள்விக்கு உட்படுத்தினார். அதற்குப் பிறகு வந்தவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நாடகத்தில் நடக்கும் வெட்டு இன்னும் கொடுமை. 'ஷாவின் அநாதை' என்ற யுவான் வம்ச கால நாடகத்தை ஐரோப்பாவுக்கு முதலில் கொண்டுபோனவர் பிரெமார் என்ற ஏசு சபைப் பாதிரியார். 1735இல் அது பாரிஸில் அச்சானபோது பாடல்கள் விடுபட்டிருந்தன. யுவான் நாடகத்தின் உயிரே பாடலில்தான். நாடகம் முழுக்க ஒரு பாத்திரத்துக்கே பாட்டு என்பதுதான் பொது வழக்கம். பாட்டில்லாத அந்தப் பிரதியை வைத்துத்தான் வோல்டேர் 1755இல் தன் நாடகத்தை எழுதினார். இன்றும் சீன நாடகத்தை வசனமாக மட்டும் படித்துவிட்டு "கதை சாதாரணமாக இருக்கிறதே" என்கிறவர்கள் செய்வது இதையேதான். 55 காட்சிகள் கொண்ட 'பியோனி மண்டபம்' (1598) நாடகம் பெரும்பாலும் தனித்தனிக் காட்சிகளாகவே மேடையேறி வந்தது. படிக்கும் முன் தோட்டத்தில் உலவி உறங்கிக் கனவு காணும் காட்சியை யூடியூபில் பார்த்துவிடுங்கள். அது பாடி நடிக்கப்படும் குன்ச்சூ என்ற இசை நாடக பாணியும் நம் பக்கத்துக் கூடியாட்டமும் மரபுக் கலைகளுக்கான யுனெஸ்கோவின் முதல் பட்டியலில், 2001இல், ஒன்றாக இடம்பெற்றவை.

சீனச் சமூகத்தை அறிய எழுத்தாளர் லூ சுன் ஒருவரே போதும் என்பது நம் ஊர் முற்போக்கு வாசகர்களின் பழைய பழக்கம். 1918இல் பழைய சமூகத்தை நரமாமிசம் தின்னும் கூட்டமாக எழுதியவரிடம் நிதானமான விவரணையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கூடவே, தாய் ஏரியின் தென்கிழக்கே ஒரு பட்டு உற்பத்திக் கிராமத்தைப் பற்றிச் சமூகவியலாளர் ஃபெய் சியாவ்தோங் எழுதிய 1939ஆம் ஆண்டு ஆய்வைப் படியுங்கள். அதுவும் ஒரு கிராமம்தான் என்பது ஞாபகம் இருந்தால் போதும்.

தமிழில் படிக்கிறவர்களுக்கு ஒன்று. சீன நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே தமிழுக்கு வந்திருக்கின்றன, ஆங்கிலத்தில் வெட்டுப்பட்டது இங்கேயும் வெட்டுப்பட்டுத்தான் வரும். விதிவிலக்காக, 305 பாடல்கள் கொண்ட பழந்தொகையான ஷிஜிங்கிலிருந்து பயணி என்ற பெயரில் எழுதுபவர் நேரடியாகச் சீனத்திலிருந்து மொழிபெயர்த்த தொகுப்பு இருக்கிறது. படித்ததும் குறுந்தொகை ஞாபகம் வரும், வரட்டும். ஆனால் அங்கே உரைகாரர்கள் வேறு வேலை பார்த்திருக்கிறார்கள். நீர்ப்பறவையோடு தொடங்கும் முதல் பாடல் நமக்கு ஒரு காதல் பாட்டு, அவர்கள் அதை அரசியின் ஒழுக்கத்துக்கான புகழ்ச்சியாகப் படித்தார்கள். அரசுத் தேர்வு எழுதியவர்கள் நூற்றாண்டுகளாக மனப்பாடம் செய்தது அந்த உரைகளையும் சேர்த்துத்தான்.