டெபியன் 11-லிருந்து 12: போஸ்ட்கிரெஸை நகர்த்தியது எப்படி

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 11-ஆம் பதிப்பில் இருப்பது, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 13-ஆம் பதிப்பு. டெபியன் 12-இல் வருவது 15. இயங்குதளத்தை மேம்படுத்தினால் டேட்டாபேஸும் தானாக 15-க்குப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. என் சர்வரில் இயங்குதள மேம்படுத்தல் முடிந்ததும், கிளஸ்டர்களை (போஸ்ட்கிரெஸ் நடத்தும் டேட்டாபேஸ் தொகுப்புகளை) பட்டியலிடும் பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். 5432 போர்ட்டில் (அப்ளிகேஷன் இணையும் எண்) பழைய 13 வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. 5433-இல் புதிய 15 காலியாக இருந்தது.

மேம்படுத்துவதற்கு முன்பே பிஜி_டம்ப்ஆல் மூலம் முழு பேக்கப் எடுத்து, வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து பார்த்திருந்தேன். ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்புறம் அப்ளிகேஷனை நிறுத்திவிட்டு, காலியான 15-ஐ பிஜி_டிராப்கிளஸ்டர் கொண்டு நீக்கினேன். இந்த இடத்தில் அவசரமே கூடாது. 15-க்குப் பதில் 13 என்று அடித்தால் உண்மையான தரவே போய்விடும். அடுத்து பிஜி_அப்கிரேட்கிளஸ்டர்; அது 15 கிளஸ்டரைப் புதிதாக உருவாக்கி, 13-இன் தரவை அதில் சேர்க்கும். அது முடிந்ததும் 15 வந்து 5432-இல் உட்கார்ந்துகொள்ளும். 13 நின்றுவிடும், ஆனால் அழியாது.

அந்தக் கட்டளையில் இயல்பாக வரும் டம்ப் முறையையே (தரவை வெளியே எழுதி எடுத்து, புதியதில் மீண்டும் ஏற்றுவது) வைத்துக்கொண்டேன். பெரிய டேட்டாபேஸ் என்றால் நேரம் பிடிக்கும், சரி. ஆனால் இயங்குதளத்தோடு ஜிலிப்சி (glibc) என்ற அடிப்படை நிரல் நூலகமும் மாறுகிறது; அதில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறியிருக்கலாம். அப்போது பழைய இண்டெக்ஸ் (பதிவுகளை விரைவாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்), இருக்கிற பதிவையே இல்லை என்று சொல்லக்கூடும். டம்ப் முறை இண்டெக்ஸ்களைப் புதிதாகக் கட்டிவிடுகிறது. கோப்புகளை அப்படியே நகர்த்தும் முறையில் போகிறவர்கள் ரீஇண்டெக்ஸ் செய்தே ஆகவேண்டும்.

அப்ளிகேஷன் புதியதில் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகே 13-இன் கிளஸ்டரை நீக்கினேன், அதற்கும் பிறகுதான் அதன் பேக்கேஜை.