ஹூடி அணிந்து புறப்படும் மகனுக்கு என்ன சொல்வது? அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு

எங்கள் பக்கத்து வீட்டுக் கறுப்பினத் தாய், தம் பதினான்கு வயது மகன் பால் வாங்கக் கடைக்குப் புறப்பட்டால் வாசலிலேயே நிறுத்தி, ஹூடியின் முக்காட்டை இறக்கிவிடுவார்; கடைக்குள் சட்டைப்பையில் கை விடாதே, ரசீதைக் கையிலேயே வைத்துக்கொள் என்றும் சொல்லி அனுப்புவார். அதே முக்காட்டோடு அவனுடன் நடந்து போகும் என் மகனும் கறுப்புதான் என்பது எனக்கு வெகு நாள் கழித்தே உறைத்தது.

அவருடைய அச்சம் வீணானதன்று. 2012 பிப்ரவரி 26 அன்று இரவு, புளோரிடாவின் சான்ஃபோர்டு நகரில், கடையில் மிட்டாயும் குளிர்பானமும் வாங்கிக்கொண்டு ஹூடியுடன் திரும்பிய 17 வயது ட்ரேவான் மார்ட்டினைக் குடியிருப்புக் காவல் தன்னார்வலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். மறு ஆண்டு நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. கறுப்பின, லத்தீனப் பெற்றோர் பிள்ளைகளை ஹூடியுடன் வெளியே விடக் கூடாது என்று அப்போது சொன்ன தொலைக்காட்சியாளர் ஹெரால்டோ ரிவேரா, கண்டனம் எழுந்தபின் மன்னிப்புக் கேட்டார். ஆனால் நேர்த்தியான உடையும் காப்பாக இருந்ததில்லை: 1960இல் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய உணவுக் கவுன்டரில் கண்ணியமாக உடுத்தி அமர்ந்த நான்கு கறுப்பின மாணவர்களுக்குக் காபிகூடத் தரப்படவில்லை.

ஆகவே, மகனிடம் பேசுமுன் உங்கள் அச்சத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பிறர் அவனைத் தவறாக எண்ணிவிடுவார்களோ என்பது ஒன்று. அவன் 'அவர்களைப் போல', அதாவது கறுப்பினப் பிள்ளைகளைப் போல, தெரிகிறானே என்பது மற்றொன்று; இதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, இது நம்முடைய இனவெறுப்புதான், நம் வீடுகளில் நாம் ஒப்புக்கொள்வதைவிட இது மிகுதி. தொளதொள கால்சட்டையைப் பார்த்ததும் 'பொறுக்கி மாதிரி' என்ற சொல் வாயில் வருமானால், அதை விழுங்கிவிடுங்கள்; பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி அவன் கற்கும் முதல் பாடம் அதுவாகிவிடும்.

முதல் அச்சத்தை மறைக்காமல் சொல்லலாம். 'உன் சட்டையில் தவறில்லை. பார்க்கிறவர்கள் சிலர் தவறாகப் பார்க்கிறார்கள், அதனால் இருட்டிய பிறகும் கடைக்குள்ளும் முக்காட்டை இறக்கிவிடு' என்பது போதும். காரணம் சொல்லாமல் தடுத்தால், குறை தன் உடலில்தான் என்று பிள்ளை எடுத்துக்கொள்வான். எட்டு வயதுக் குழந்தைக்குத் துப்பாக்கிச் சூட்டை விவரிக்க வேண்டியதில்லை. தனியே வெளியே போகத் தொடங்கும் வயதில் சொன்னால் போதும்.

பள்ளியில் உடை அல்லது சிகை பற்றி ஆட்சேபம் வந்தால், உடனே பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள்; அதே உடையில் வேறு நிறத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சுருள்முடி, பின்னல் போன்றவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் கிரவுன் சட்டத்தை 2019இல் கலிபோர்னியா முதலில் இயற்றியது. வேறு பல மாநிலங்களும் பின்பற்றியுள்ளதால், உங்கள் மாநிலச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறத்தையும் அளவையும் அவனிடமே விட்டுவிடலாம். கறுப்பு ஹூடிதான் வேண்டுமென்றால் அதையே வாங்கிக் கொடுங்கள். எங்கள் வீட்டில் முக்காட்டைப் பற்றிய ஒரு வரி மட்டுமே பேச்சு, அதுவும் இருட்டிய பிறகும் கடைக்குள்ளும் மட்டும்.