வைஃபை கார்டு எந்த டிரைவரில் ஓடுகிறது? லினக்ஸில் கண்டுபிடிப்பது எப்படி

வைஃபை வரவில்லை என்றதும் பலரும் முதலில் அடிப்பது எல்எஸ்மாட் (எல்-எஸ்-எம்-ஓ-டி) கட்டளை. நினைவகத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை, அதாவது கெர்னலில் (லினக்ஸின் மைய நிரல்) தனியாகச் சேரும் துண்டுகளை, அது காட்டும். எது எந்தக் கருவியைப் பிடித்திருக்கிறது என்று சொல்லாது. கெர்னலோடு சேர்த்தே கட்டப்பட்ட டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) அந்தப் பட்டியலில் வரவே வராது. அதனால் கருவியிலிருந்து தொடங்குங்கள். (கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கவும்.)

மடிக்கணினிக்குள்ளேயே இருக்கும் கார்டு என்றால்:

எல்எஸ்பிசிஐ -என்என்கே

நெட்வொர்க் கண்ட்ரோலர் என்று வரும் வரியில், சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளி பிரிக்கும் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது தயாரிப்பாளர்: 8086 இன்டெல், 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம். இரண்டாவது சிப்பின் எண். இணையத்தில் தேட இந்த ஜோடியையே பயன்படுத்துங்கள். பெட்டியில் அச்சிட்ட மாடல் பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில் சிப்பை மாற்றி விற்பது சகஜம்.

அதன் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்பது இப்போது கருவியைப் பிடித்திருக்கும் டிரைவர். ‘கெர்னல் மாட்யூல்ஸ்’ என்பது பிடிக்கத் தகுதியுள்ளவை. இரண்டாவது மட்டும் இருந்தால், மாட்யூல் பிளாக்லிஸ்டில் (ஏற்றக் கூடாதவற்றின் பட்டியல்) மாட்டியிருக்கலாம், அல்லது ஏறும்போதே தோற்றிருக்கலாம். இரண்டுமே இல்லையென்றால் பெரும்பாலும் அந்தச் சிப்புக்கான டிரைவர் உங்கள் கெர்னலில் இல்லை. புதிய கெர்னலோ தனி டிரைவரோ வேண்டும்.

பிராட்காமில் ஒரு பொறி உண்டு. ‘பிசிஎம்ஏ-பிசிஐ-பிரிட்ஜ்’ என்று வந்தால் அது வெறும் பாலம். உண்மையான டிரைவர், பி43 அல்லது பிஆர்சிஎம்எஸ்மேக், அதன்மேல் உட்கார்ந்திருக்கும். ஐபி லிங்க் கட்டளையில் இடைமுகத்தின் (லினக்ஸில் அந்தக் கார்டின் நெட்வொர்க் இணைப்பு) பெயரைப் பார்த்துக்கொண்டு, ஈத்டூல் -ஐ என்பதற்குப் பின் அந்தப் பெயரைக் கொடுங்கள். முதல் வரியில் அசல் டிரைவர் தெரியும். இடைமுகமே உருவாகவில்லை என்றால் இந்த வழி உதவாது.

டிரைவர் பெயர் சரியாக இருந்தும் வைஃபை இல்லையா? சுடோ டிமெசேஜ் (டி-எம்-இ-எஸ்-ஜி) வெளியீட்டில் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏறி ஓடும் நிரல்) என்று தேடுங்கள். பிழை எண் -2 என்றால் கோப்பு இல்லை என்று பொருள். உபுண்டுவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர், டெபியனில் இன்டெல் கார்டுக்கு ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை தொகுப்பை நிறுவவும். இன்டெல் டிரைவர் புதிய பதிப்பிலிருந்து பழையதை நோக்கி ஒவ்வொன்றாகத் தேடும் என்பதால், கடைசியில் ஒன்று ஏறிவிட்டால் முந்தைய -2 வரிகளைப் பொருட்படுத்த வேண்டாம்.

யுஎஸ்பி டாங்கிளுக்கு (வெளியே செருகும் சிறு கருவி) எல்எஸ்யுஎஸ்பி -டி (‘ட்ரீ’ என்ற சொல்லின் முதல் எழுத்து) போதும்; ‘டிரைவர்=’ என்பதற்குப் பின் பாருங்கள். வைஃபை டாங்கிளுக்கு அங்கே ‘யுஎஸ்பி-ஸ்டோரேஜ்’ என்று வந்தால், அது விண்டோஸ் டிரைவர் அடங்கிய சிடியாக வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது. யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் தொகுப்பை நிறுவி, டாங்கிளைக் கழற்றி மாட்டுங்கள். எல்எஸ்யுஎஸ்பி என்று மட்டும் அடித்தால் தெரியும் எண் ஜோடி மாறியிருந்தால், டிரைவர் தேடலை அந்தப் புதிய ஜோடியோடு தொடங்குங்கள்.