ஐப்பசி, கார்த்திகையில் ராமேஸ்வரம் கரைக்கு: மழையை விடக் காற்றைக் கவனியுங்கள்

ராமநாதபுரம் வறண்ட சீமைதானே என்று நவம்பரில் குடைகூட எடுக்காமல் வருகிறவர்கள் உண்டு. இந்த மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஆனாலும் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மழையில்லை. மழை இரண்டு மணி நேரத்தில் வெறித்துவிடும். காற்றுதான் ரயிலை நிறுத்தும், படகைக் கரையேற்றும், தனுஷ்கோடிச் சாலையை அடைக்க வைக்கும். அதனால் கீழே உள்ள படிகள் எல்லாமே காற்றைப் பார்த்துப் போட்டவை.

படி 1: தேதியில் ஒரு நாள் தளர்வு விடுங்கள்

மூன்று நாள் சுற்ற நினைத்தால் நான்கு நாள் விடுப்பு எடுங்கள். ஒரு காற்றழுத்தத் தாழ்வு கடந்துபோனதும் அடுத்தது வருவதற்குள் பல நேரம் இரண்டு மூன்று நாள் வானம் வெளுத்துக் கிடக்கும். அந்த இடைவெளிதான் உங்களுக்கு வேண்டியது. அறை போடும்போது முந்தின நாள் வரை ரத்து செய்ய முடிகிற விடுதியாகப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் புயல் வராது என்று எண்ண வேண்டாம். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22, 23-இல் வந்தது.

படி 2: அறிவிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தொலைக்காட்சியில் "கனமழை" என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. "மிக கனமழை" 12 முதல் 20. "அதி கனமழை" அதற்கு மேல். கனமழை நாளில் கோயிலுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போய்வரலாம். மிக கனமழை என்றால் அறையை விட்டு நகர வேண்டாம். அதி கனமழை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் வீட்டை விட்டே கிளம்ப வேண்டாம்.

இதைவிட முக்கியமானது சென்னை வானிலை ஆய்வு மையம் தரும் "மீனவர்களுக்கான எச்சரிக்கை". அதில் மன்னார் வளைகுடா, தென் தமிழகக் கடலோரம் என்ற பெயர்களைத் தேடுங்கள். "மணிக்கு 35 முதல் 45 கி.மீ., இடையிடையே 55 கி.மீ. வேகத்தில் சூறாவளிக் காற்று" என்று இருந்தால் படகுச் சவாரியும் கடல் குளியலும் அன்றைக்கு இல்லை.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கும் பொருள் உண்டு. 1 என்றால் தூரக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் இருக்கிறது, கரைக்கு உடனே ஆபத்தில்லை. 2 என்றால் தூரத்தில் புயல் உருவாகிவிட்டது. 3 என்றால் துறைமுகத்தையே திடீர்க் காற்றும் மழையும் தாக்கலாம். 3-ஆம் எண்ணைப் பார்த்ததும் தீவை விட்டுக் கிளம்பிவிடுவது நல்லது. 5-க்கு மேல் ஏறிய பிறகு கிளம்ப நினைப்பது தாமதம். இன்னொரு எளிய அடையாளம்: விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டான மீன்பிடி டோக்கன் கொடுத்தார்களா என்று டீக்கடையில் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் உங்களுக்கும் கடலில் வேலை இல்லை.

படி 3: வடகடலா, தென்கடலா?

முதல் முறை வருகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இந்தக் கரைக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூர்ப் பேச்சில் வடகடல், தென்கடல். அமைதியானது என்பதால் வடகடலைப் பெண் கடல் என்றும், சீறுவதால் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஆடி மாதத்துக்கு அது சரி. ஐப்பசியில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வந்து வடகரையில் நேராக மோதும்போது கதை மாறிவிடும். பாக் நீரிணை ஆழம் குறைந்தது. காற்று ஓங்கினால் அலை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும், அடிமணல் கிளறி தண்ணீர் கலங்கிவிடும்.

ஆகவே வாடை வீசும் நாளில் அரியமான், ஓலைக்குடா, தொண்டி ஆகியவற்றைத் தள்ளிவையுங்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்துக்குப் போனால் மேடையில் நின்று பார்ப்பதோடு திரும்புங்கள். காரங்காடு அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரியும் இந்தப் பக்கம்தான், போன் செய்து கேட்காமல் வண்டியை எடுக்க வேண்டாம். சேதுக்கரை, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் நிலத்தின் மறைவில் இருப்பதால் அன்று அடங்கியிருக்கும். தாழ்வு மண்டலம் குமரிக்கடல் பக்கம் இறங்கிவிட்டால் காற்று கிழக்காகவும் தென்கிழக்காகவும் திரும்பும். அப்போது இந்தக் கணக்கு செல்லாது, இரண்டு கரையும் வேண்டாம்.

தனுஷ்கோடிச் சாலை முடிகிற அரிச்சல்முனையில் எந்த மாதத்திலும் இறங்கிக் குளிக்கக் கூடாது. இரண்டு நீரோட்டமும் சந்திக்கிற இடம், காலடி மணல் சட்டென்று சரியும்.

படி 4: தீவுக்குள் நுழைவது

காற்று கூடினால் பாம்பன் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள். மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறக்கிவிடுவார்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கி.மீ., பஸ் உண்டு. ரயில் முழுதாக ரத்தானால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் தானாக வரும். பாதி வழியில் நிறுத்தினால் டி.டி.ஆர். என்ற, பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் பதிந்தால்தான் வரும், பலர் அதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

இருசக்கர வண்டியில் வருகிறவர்கள் பாம்பன் சாலைப் பாலத்தில் கவனமாக இருங்கள். பக்கவாட்டுக் காற்று தொடர்ந்து தள்ளும். பெரிய லாரி கடக்கும் ஒரு நொடி காற்று மறைந்து, மறுநொடி திரும்ப அடிக்கும். கைப்பிடி ஆடுவது அப்போதுதான். 30 கி.மீ. வேகத்தில், ஓரத்தை விட்டு விலகி ஓட்டுங்கள். படம் எடுக்க நிறுத்தாதீர்கள்.

படி 5: பை

குடை இங்கே பயன்படாது, ஒரே வீச்சில் மடங்கிவிடும். சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக உள்ள மழைக்கோட்டு எடுங்கள். போர்வை மாதிரி போடுகிற வகை காற்றில் தலைக்கு மேல் போய்விடும். மூன்று செட் துணி, அது தவிர ஒரு செட்டைக் காற்றுப் புகாத உறையில் கட்டி, கடைசி நாள் வரை தொடாமல் வையுங்கள். பின்வார் வைத்த ரப்பர் செருப்பு. தோல் செருப்பு இரண்டாம் நாளே பூஞ்சை பிடிக்கும்.

கரண்ட் போனால் ஏ.டி.எம். கிடையாது, போனில் பணம் அனுப்பவும் வழியில்லை. ஆளுக்கு 2,000 ரூபாய் சில்லறை நோட்டாக இருக்கட்டும். 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க், டார்ச், ஓ.ஆர்.எஸ். நான்கு பாக்கெட், கொசுக் களிம்பு, தேங்காய் எண்ணெய் ஒரு சின்னக் குப்பி. எண்ணெய் தலைக்கு மட்டும் அல்ல: தேங்கிய நீரில் நடக்குமுன் விரலிடுக்கில் தடவினால் சேற்றுப்புண் எளிதில் வராது.

படி 6: பகலைப் பிரிப்பது

இந்தப் பருவத்தில் கடலோர மழை பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் வலுக்கும். காலையைக் கோயிலுக்கு வையுங்கள். 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்தோடு காற்றில் நின்றால் பல் கிட்டும். மாற்றுத் துணி கையோடு இருக்கட்டும். தனுஷ்கோடிக்கு 11 மணிக்குக் கிளம்பி 3 மணிக்குள் திரும்புங்கள். நவம்பரில் மாலை 5.50 வாக்கில் சூரியன் இறங்கிவிடும், இருட்டுமுன் போலீஸார் வண்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள். சாலையில் மணல் ஏறியிருக்கும் இடத்தில் பிரேக்கை மிதிக்காமல் கியரைக் குறைத்து மெதுவாகக் கடந்து போங்கள்.

படகு போகாமல் மூன்று நாள் ஆனால் ஓட்டலில் கிடைப்பது ஐஸ் மீன்தான். அன்று கருவாட்டுக் குழம்பு கேளுங்கள், ருசியும் அதில்தான்.

படி 7: மாட்டிக்கொண்டால்

மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. செல்போனிலிருந்து 04567 சேர்த்து அடியுங்கள். மாநில எண் 1070. தேங்கிய நீரில் முழங்காலுக்கு மேல் ஏறும் இடத்தில் நடக்க வேண்டாம், மின்கம்பத்தைத் தொட வேண்டாம்.

ஊர் திரும்பிய அன்றே

வண்டியை வாட்டர் சர்வீஸில் விட்டு அடிப்பக்கத்தையும் பிரேக்கையும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். ஒரு வாரம் தள்ளினால் உப்பு துருவாகிவிடும். பையின் ஜிப்பைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் மெழுகுவத்தியால் ஒரு இழு இழுத்துவிடுங்கள்.