கண்மாயில் மீன் விரலிகளை விடும் முறை

இராமநாதபுரம் கடலோரக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையில்தான் நிறைகின்றன. ஆகவே அரசு மீன்பண்ணையில் வளர்த்த கட்லா, ரோகு, மிர்கால் விரலிகளை (விரல் நீள மீன்குஞ்சுகளை), நீர் பெருகியவுடன், கோடைக்குள் வளர்ந்துவிடும்படி விட வேண்டும். கடலை ஒட்டிய கண்மாயில் நீரின் உப்புத்தன்மையை முன்னரே அளந்து பாருங்கள். 8 முதல் 10 செ.மீ. வளராத குஞ்சுகளை விடுவது, சிறு மீன்களைத் தின்னும் விரால் மீனுக்கு விருந்து வைப்பதாகும்.

பண்ணையில் குஞ்சுகளைப் பைகளில் அடைத்து வண்டியில் ஏற்றுவதற்கு முந்தைய நாளே தீவனத்தை நிறுத்துங்கள். குடல் காலியாக இருந்தால்தான் பையின் நீர் கெடாது.

கரையில் அவசரம் கூடவே கூடாது. வெயில் ஏறுமுன், ஆக்சிஜன் நிரப்பிய பைகளைப் பிரிக்காமல் கண்மாய் நீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பின் வாயைத் திறந்து, கண்மாய் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பையைச் சாய்த்துப் பிடித்தால், குஞ்சுகள் தாமே நீந்தி வெளியேறும், கவிழ்த்துக் கொட்டாதீர்கள்.